குத்தாலத்துல தண்ணி விழுதா?

ஜூன் பிறந்துவிட்டால் ராஜபாளையத்தில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். டீக்கடையில், மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம், தென்காசிப் பக்கமிருந்து வந்து நிற்கும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கேட்பார்கள். "குத்தாலத்துல தண்ணி விழுதா?" எழுதும்போதுதான் குற்றாலம். பேசும்போது எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது குத்தாலம்தான். நல்லா விழுது, சுமாரா விழுது, இன்னும் விழலை. மூன்றே பதில்கள். அந்த ஒரு பதிலை வைத்து எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை முடிவாகும்.

இந்தக் கேள்வியைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தில். வேறு ஏதோ தேடப்போய், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் 'மேட் ரிவர் க்ளென்' என்கிற சின்ன பனிச்சறுக்கு மலையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1948-ல் ஆரம்பித்தது. மலை உச்சிக்குப் போக அங்கே ஒரு இழுவை நாற்காலி உண்டு. ஒரு நாற்காலியில் ஒரு ஆள்தான் உட்காரலாம். பழசாகிப் போனபோது அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நாலு பேர் உட்காரும் நவீன நாற்காலி போட்டிருக்கலாம். அவர்கள் அந்த ஒற்றை நாற்காலியையே 2007-ல் செப்பனிட்டு வைத்துக்கொண்டார்கள். 1995-ல் அங்கே சறுக்க வருகிறவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து மலையை விலைக்கு வாங்கிவிட்டார்கள். மற்ற ஊர்களில் பனி விழாவிட்டால் இயந்திரம் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்கிறார்கள். இங்கே பெரும்பாலும் வானத்திலிருந்து விழுவதுதான். விழுந்தால் சீசன், விழாவிட்டால் இல்லை. தாத்தா காலத்திலிருந்து வருகிற குடும்பங்கள் டிசம்பரில் ஆவலோடு விசாரிக்குமாம், பனி விழுந்துச்சா என்று.

வாசித்ததும் சிரிப்பு வந்தது. இது நம்ம ஊர்க் கேள்வியாச்சே.

தமிழ்நாட்டில் பனிச்சறுக்கு கிடையாது. அதற்கு குல்மார்க்கோ ஆவ்லியோ போகவேண்டும். ஆனால் ஒரு சின்ன ஊர், வருஷத்தில் சில மாதம் மட்டும் உயிர்பெறுவது, அந்த உயிர் முழுக்க வானத்தின் கையில் இருப்பது, மூன்று நாலு தலைமுறையாக அதே குடும்பங்கள் அதே பழக்கங்களோடு வருவது, புதுசாக எதையாவது சேர்த்தால் பழைய ஆட்கள் முகம் சுளிப்பது என்று பார்த்தால் அச்சு அசலாக அது குற்றாலம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், மலை அங்கேயேதான் இருக்கும். குற்றாலத்தில் மலை இருக்கும். குற்றாலம் இருக்குமா என்பதுதான் சந்தேகம். ஏப்ரலில் போனால் பாறைதான் நிற்கும், சில சமயம் ஓரத்தில் ஒரு கோடு மாதிரி தண்ணீர்.

இதில் என்னைச் சின்ன வயசிலிருந்து உறுத்திய ஒரு விஷயம் உண்டு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குளிர்வதில் ஆச்சரியமில்லை. குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர்தான். ராஜபாளையமும் ஏறக்குறைய அதே மாதிரிதான். இரண்டுமே மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். இடையில் தூரமும் பெரிதாக இல்லை. அப்படியிருக்க ஜூலை மாதம் நாங்கள் புழுதிக்காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, அங்கே மட்டும் எப்படிச் சாரல்?

விடை செங்கோட்டைக்கு மேற்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மலையில் முட்டுகிறது. மேலே ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்துக்குப் பின்னால் மலை உயரமான சுவர் மாதிரி, சில இடங்களில் இரண்டாயிரம் மீட்டரைத் தொடுகிற அளவுக்கு நிற்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெரியாறு பிறந்து ஓடுகிறது, முல்லைப் பெரியாறு அணையும் இருக்கிறது. அவ்வளவு தண்ணீரும் அங்கேயே இறங்கிவிட, சுவரைத் தாண்டி எங்களுக்கு வருவது வெறும் காற்று. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலைத்தொடரில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதுதான் செங்கோட்டைக் கணவாய். பாலக்காட்டுக் கணவாயைவிடச் சின்னது. ரோடும் ரயிலும் கேரளாவுக்குப் போவது அந்த வழியாகத்தான். ரயில் போகிற வழியிலேயே காற்றும் வருகிறது, மிச்சமிருக்கும் ஈரத்தோடு. அந்த ஈரம்தான் சாரல். மழை என்று சொல்ல முடியாது, குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும்; பிடிக்காவிட்டால் கால் மணி நேரத்தில் சட்டை நனைந்திருக்கும். நடுவில் வெயிலும் அடிக்கும்.

சாரல் என்பது ஊருக்கு விழுவது. அருவிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மேலே திரிகூட மலையில் நல்ல மழை பெய்யவேண்டும். அங்கே சிற்றாறு பிறந்து, தேனருவியாக விழுந்து, செண்பகாதேவி அருவியாக விழுந்து, கடைசியில் பேரருவியாக ஊருக்குள் இறங்குகிறது. பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து நேராக மண்டையில் விழுந்தால் ஒருவரும் குளித்துவிட்டுத் திரும்ப மாட்டார்கள். நடுவில் பாறையில் ஆழமான ஒரு குழி இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி வழிந்து, வேகம் குறைந்து கீழே வருகிறது. அந்தக் குழிக்குப் பெயர் பொங்குமாகடல். குற்றாலம் குளிக்கிற அருவியாக இருப்பதற்கு அந்தக் குழிதான் காரணம். உலகத்தில் பெரிய அருவிகள் எத்தனையோ இருக்கின்றன, பெரும்பாலானவற்றைத் தள்ளி நின்று பார்க்க மட்டும்தான் முடியும். இது தலையைக் கொடுக்கிற அருவி.

எங்கள் பக்கமும் அருவி இல்லாமல் இல்லை. ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவில் ஆறு, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்பு. இரண்டும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள், அழகாக இருக்கும். ஆனால் செண்பகத்தோப்பு சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்குள் இருக்கிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு கட்டுப்பாடும் கூடிவிட்டது. அது சரியும்கூட. தவிர, ஐப்பசியில் யாருக்கு ஐயா அருவி வேண்டும்? உடம்பு வெந்து கிடக்கிற ஆனி, ஆடியில்தானே வேண்டும்.

குளிக்க வந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஊரின் வரலாறு தானாக வந்துவிடும். முதலில் கோவில். குற்றாலநாதர் கோவில் பேரருவிக்குப் பக்கத்திலேயே, சங்கு வடிவத்தில் அமைந்தது. விஷ்ணுவாக இருந்த மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அழுத்திய அழுத்தில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டது, அதனால்தான் மூலிகைத் தைலம் காய்ச்சி அபிஷேகம் செய்கிறார்கள் என்று ஆச்சி சொல்வாள். குற்றாலத்தில் சாமிக்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள், நமக்கென்ன என்பது அவள் வாதம். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் சித்திரசபை இங்கேதான் இருக்கிறது, சுவர் முழுக்க ஓவியங்களோடு. அருவிக்கு வருகிற கூட்டத்தில் அதை எட்டிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. நானே முப்பது வயசுக்கு மேல்தான் போனேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க அரசர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காக நிலம் கொடுத்தார், அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். ஒரு ஊரின் அருவியையும் மலையையும் குரங்கையும் பாடியதற்கு நிலம். சுற்றுலா விளம்பரத்துக்கு நம்மூரில் கிடைத்த முதல் பெரிய சம்பளம் அதுவாக இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அடுத்து வெள்ளைக்காரர்கள். திருநெல்வேலிச் சீமையில் வேலை பார்த்த அதிகாரிகளுக்குக் கோடையைக் கழிக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டு வசதியாவதற்கு முன்பே அவர்கள் குற்றாலத்தில் பங்களா கட்டத் தொடங்கிவிட்டார்கள். சும்மா குளிக்க மட்டும் வரவில்லை. ஜாதிக்காய், கிராம்பு வியாபாரம் டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலம் அது. 1796-ல் ஆங்கிலேயர்கள் மொலுக்காத் தீவுகளைப் பிடித்ததும் அந்தச் செடிகளை இந்தியாவில் வளர்த்துப் பார்க்க ஆசை வந்தது. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடம் வேண்டும். குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாசனைத் தோட்டம் வந்தது அப்படித்தான். பிறகு 1830-களில் ராபர்ட் வைட் என்கிற மருத்துவர், பாளையங்கோட்டையில் இருந்தபோது, இந்த மலையில் ஏறியிறங்கிச் செடி சேகரித்தார். தாவரவியலில் சில செடிகளின் லத்தீன் பெயரிலேயே இந்த ஊர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் சீசனில் ரோட்டோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் முட்டைப்பழமும் குவித்து வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பழங்களை முதன்முதலில் பார்ப்பது குற்றாலத்தில்தான். கீழ்த்திசைத் தீவுகளின் பழம் ராஜபாளையத்துப் பையன் கைக்கு வருவதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

அப்புறம் ரயில். 1904-ல் செங்கோட்டை மலைப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கி, திருநெல்வேலியும் கொல்லமும் இணைந்தன. எங்களுக்கு முக்கியமானது 1927-ல் வந்த விருதுநகர்–தென்காசி பாதை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகப் போகிறது. குற்றாலம் கலெக்டரின் ஊராக இருந்தது போய், மில் தொழிலாளியும் பருத்தி வியாபாரியும் குடும்பத்தோடு வரும் ஊராக மாறியதில் இந்தப் பாதைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் முதல் நூல் மில் முதலாளி வரை எல்லாரும் ஒரே ரயில், ஒரே அருவி.

இலக்கியக்காரர்களும் வந்தார்கள். திருநெல்வேலி வீட்டில் 'வட்டத்தொட்டி' என்று கூட்டம் கூட்டிக் கம்பனை ரசித்த ரசிகமணி டி.கே.சி., கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே குடியேறிவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். காலையில் அருவி, பகலில் கவிதை, நடுவில் நல்ல சாப்பாடு. 1954-ல் அவர் காலமாகும்வரை அது நடந்தது. ஒரு சீசன் ஊரை வருஷம் முழுக்க வாழ்கிற ஊராக்கிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு வரலாறு இதில் ரொம்பச் சின்னது. அப்பா மில்லில் வேலை பார்த்தார். ஆச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வருஷத்துக்கு ஒரு தடவை ஆச்சி, சித்திமார், மாமா குடும்பம் என்று பதினோரு பேர் கிளம்புவோம். ஆச்சி முந்தின நாளே புளியோதரை கிளறிவிடுவாள், தூக்குச்சட்டியில் எலுமிச்சை ஊறுகாய், பனையோலைப் பெட்டியில் பால்கோவா. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி. புளியங்குடி தாண்டியதும் மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்ப்பார். "இன்னும் இல்ல." கடையநல்லூரில் மறுபடி நீட்டுவார். கை நனைந்தால் பஸ்ஸே கலகலப்பாகிவிடும். நனையாவிட்டால் ஆச்சி, "தென்காசியில இறங்கி ரெண்டு பேர்ட்ட கேப்போம்" என்பாள். கேட்டு என்ன செய்ய, அதற்குள் வந்தாச்சு. வந்தபிறகும் கேட்பார்கள்.

ரூம் எடுத்த ஞாபகமே இல்லை. மண்டபத்திலோ கடை வாசலிலோ பாய் விரித்துத் தூங்கிவிட்டு, நடுராத்திரி இரண்டு மணிக்குக் குளிக்கப் போவோம். கூட்டம் அப்போதுதான் குறைவு. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பேரருவி வெள்ளையாகத் தொங்கும். அதற்கு முன்னால் எண்ணெய். மரப்பலகையில் உட்கார வைத்து, தலையில் தட்டி, கழுத்தைச் சொடக்கெடுத்து, முதுகில் மிருதங்கம் வாசிப்பார்கள். "அண்ணாச்சி, நாளைக்கு எனக்கு நன்றி சொல்லுவீக" என்று சொல்லிக்கொண்டே அப்பாவை மடக்கிப்போட்ட ஒருவரை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எண்ணெய்த் தலையோடு அருவிக்குக் கீழே போனால், முதல் அடி விழும்போது மூச்சு நின்று வரும். மில்லில் எட்டு மணி நேரம் நூல் தூசியில் நிற்கிற அப்பா, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து என்னவோ கத்துவார். ஒரு எழுத்துகூடக் கேட்காது. வீட்டில் அவர் கத்தி நான் பார்த்ததில்லை.

எண்ணெய் கதை இப்போது மாறிவிட்டது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அருவியில் நாம் குளித்த தண்ணீர்தான் சிற்றாறாக ஓடி, வழியில் தடுப்பணைகளில் திரும்பி வயலுக்குப் போகிறது, கடைசியில் தாமிரபரணியில் கலக்கிறது. அத்தனை பேர் தலை எண்ணெயை அதில் கரைத்தால் என்ன ஆகும் என்பது சின்னக் கணக்குதான். எனக்கு அந்தப் பலகை மேல் ஆசை உண்டு, ஆனாலும் தடை நியாயம் என்றே படுகிறது.

ஊருக்குள் வருமானம் எப்படி ஓடுகிறது என்பதைக் கவனித்தால் இன்னொன்று புரியும். கடை, வாகன நிறுத்தம் எல்லாம் ஏலம். ஏலத்தொகை சீசனுக்கு முன்பே கைமாறிவிடும். சாரல் பிறகுதான் வரும், வந்தால். நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, துண்டு, ஜட்டி விற்கிறவர்கள் எல்லாரும் வானத்தின் மீது பந்தயம் கட்டியவர்கள். ஜூலை முழுக்கக் காய்ந்துபோன வருஷங்கள் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருகிற இரண்டாவது சீசன் அந்த நஷ்டத்தில் கொஞ்சத்தை ஈடுகட்டும். செங்கோட்டைக்கு முன்னால் பிரானூரில் இருக்கும் பரோட்டாக் கடைகளுக்கு மட்டும் எப்போதும் சீசன். அந்த இடத்தை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்து எல்லை அது. 1956 நவம்பரில் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை மேற்கே நகர்ந்துபோனது. பெயரும் கோழிப் பொரிப்பும் நகரவில்லை.

செயற்கைப் பனிக்கு வருகிறேன். பனிச்சறுக்கு ஊர்களில் பனி பொய்த்தால் இயந்திரப் பனி. குற்றாலத்திலும் ஒருவகையில் அது வந்தது. ஏழெட்டு வருஷம் முன்னால் மாமா மகன், "இந்தத் தடவை நான் பாத்துக்கறேன் மாமா, கூட்டத்துல இடிபட வேண்டாம்" என்று அப்பாவிடம் சொல்லி, மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் இடம் பிடித்தான். விடுதிக்குள்ளேயே அருவி. சிமெண்டில் பாறை மாதிரி கட்டி, மேலிருந்து தண்ணீர் விழ வைத்திருந்தார்கள். அது குழாயில் வந்த ஓடைத் தண்ணீர். கூட்டமில்லை, போலீஸ் விசில் இல்லை, வழுக்கல் இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்பா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குளிக்கக் கூப்பிட்டதற்கு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம வீட்டு மோட்டாரைப் போட்டாலே இவ்வளவு விழும்" என்றார். மாமா மகனுக்கு முகம் வாடிவிட்டது. செலவு முழுக்க அவனுடையது. நான் அப்பாவை அன்றைக்குக் கடிந்துகொண்டேன்.

பிறகு யோசித்தபோது அப்பா சொன்னதில் பாதி மட்டும்தான் பிடிவாதம் என்று தெரிந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்துத்தான். 2022-ல் இந்த விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்திருக்கும் தனியார் விடுதிகளை ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கச் சொன்னது நீதிமன்றம். பனி இயந்திரம் குளத்துத் தண்ணீரைப் பனியாக்குகிறது, கோடையில் உருகி மறுபடி ஓடையில்தான் சேரும். இங்கே அப்படியில்லை. பொது அருவிக்கோ வயலுக்கோ போகவேண்டிய தண்ணீரை வழியிலேயே எடுத்து, ரூம் வாடகை கொடுத்தவருக்கு மட்டும் விழ வைப்பது. கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து மலையை வாங்கிக்கொண்ட அந்த வெர்மான்ட்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். நமக்கு வாங்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை, அருவி ஏற்கெனவே எல்லாருக்கும் சொந்தமாகத்தான் இருந்தது.

எல்லாருக்கும் சொந்தம் என்பதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். சீசன்கூட இல்லை, கோடை மழை. மேலே காட்டுக்குள் பெய்கிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் கலங்கி, மரக்கிளையும் கல்லுமாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு பழைய குற்றாலத்தில் குளியல் பகல் நேரத்துக்குச் சுருங்கியது. அருவி வனத்துறை வசம் போய்விடுமோ என்ற பேச்சும், கூடாது என்று ஊர்க்காரர்களின் எதிர்ப்பும் கிளம்பின. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ராத்திரி இரண்டு மணிக் குளியலை நினைத்து ஏங்குகிற நானேதான் அந்த மாணவனின் அப்பா அம்மாவையும் நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் வரத்தைப் பார்த்து மூடுவது வேறு, ஆளுக்கும் காசுக்கும் ஏற்ப மூடுவது வேறு. முதலாவதற்குத் தலை வணங்குகிறேன். இரண்டாவது வந்துவிடக்கூடாது என்றுதான் பயம்.

போன சீசனில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தாறு வயசு, ஒரு முழங்கால் சரியில்லை. காலை ஏழு மணிக்குப் போனால் மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கயிறு கட்டி, போலீஸ்காரர் விசிலோடு நின்றார். திரும்பிப் போகலாம் என்றேன். "இருடா, குறையும்" என்றார். அவருக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. பாறையின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு, அது தண்ணீருக்கு வெளியே தெரிய ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் விடுவார்கள். படிக்கட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். பக்கத்தில் சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம், அதற்கப்பால் புனலூர்க்காரர்கள், யாரோ ஒரு பாட்டி எங்களுக்கும் சேர்த்து முறுக்கு கொடுத்தாள். எல்லார் கண்ணும் பாறையிலேயே. மூன்று மணி நேரம். பத்தரை வாக்கில் திட்டு தெரிந்தது. பதினொன்றரைக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள்.

அப்பா ஓரத்திலேயே, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்தார். நான் பின்னால் அவர் இடுப்பைப் பிடித்திருந்தேன். முதுகு அதிர்ந்ததில்தான் கத்துகிறார் என்று தெரிந்தது.

இந்த வருஷமும் கேட்க ஆரம்பித்துவிட்டார். நேற்று, பழக்கமான சிப்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, இன்னும் விழல. மேல கருக்கட்டி நிக்குது. வெள்ளிக்கிழமை ஒரு போன் போடுங்க."